அட்டவணைப்படி நான் இறந்து பதினைந்து வருடம்

வால்தம்ஸ்டோ,
லண்டன்.
17.11.1991

அன்பு மகள் பாலாம்பிகைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் யோகலிங்கமும் ஹீற்றரின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே குமாசியில் நீயும் மருமகன் குவாமேயும் உன் வயிற்றில் இருக்கிற சீவனும் சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் தினமும் கேட்கிறேன். முன்பு ஒரு தரம் கேட்பேன், இப்போது மூன்று தரம் கேட்கிறேன், அதற்கான காரணம் பின்னால் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குளிரோடு வந்துவிட்டது, பங்குனியில்தான் போகும். அண்ணனுக்கு இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட், பகலில் தூங்குகிறான், ஆகவே நாங்கள் வீட்டில் ஊமைகள் மாதிரிக் கையைக் காட்டிக் கதைத்துக்கொள்கிறோம், அதனால் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை குறைந்திருக்கிறது. கவுன்சில்காரர் வந்து யன்னலைத் திருத்திவிட்டுப் போனார்கள், முன்பு வராத காற்றும் இப்போது வருகிறது.

உன் கடிதம் போன மாதம் கிடைத்தது. பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் கோபம், பிறகு வெட்கம், பிறகு பயம், அந்த ஒழுங்கிலேயே சொல்லுகிறேன். நான் உனக்கு எழுதியது நினைவிருக்கும். தை மாதம் பிள்ளைப்பேறு என்றால் மார்கழிக்கு முன் லண்டனுக்கு வந்துவிட வேண்டும், கானாவில் பிள்ளை பெறக்கூடாது, இது அப்பாவின் கட்டளை என்று எழுதியிருந்தேன். கட்டளை என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன், அது வளைந்து போனதால் ரூலர் வைத்து இன்னொரு கோடும் போட்டேன். நீ நாலே வரியில் பதில் எழுதிவிட்டாய். அப்பா, நான் இங்கே ஊர் ஊராகப் போய்த் தாய்மாரிடம் ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைப் பெறுங்கள், ஊசி போடுங்கள் என்று சொல்லுகிற நேர்ஸ், என்னுடைய முறை வரும்போது விமானம் ஏறிப் போனால் பிறகு எந்த முகத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போவேன், மன்னியுங்கள் அப்பா, இங்கேதான் பெறுவேன் என்று எழுதியிருந்தாய். அம்மா வாசித்துவிட்டுக் கடிதத்தைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய் வெங்காயம் உரித்தா. நான் இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்தேன். முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் அண்ணன் அப்பாவுக்கு வயிற்றுக் கோளாறோ என்று கேட்டான். அதோடு முடித்துக்கொண்டேன்.

அந்தக் கட்டளை எங்கேயிருந்து பிறந்தது என்று உனக்கு இதுவரை நான் சொல்லவில்லை. சொன்னால் நீ சிரிப்பாய், சிரி, வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லது. இங்கே காலையில் வீட்டில் ஹீற்றர் போட்டால் வீண்செலவு என்று நான் லைப்ரறிக்குப் போய் மதியம் வரை இருப்பது உனக்குத் தெரியும். அங்கே ஒரு நாள் கையில் அகப்பட்டது ஐக்கிய நாடுகள் சபையின் தடித்த புள்ளிவிபரப் புத்தகம். மகள் இருக்கிற நாடு எப்படி என்று பார்ப்போமே என்று கானாவைத் தேடினேன். ஆயுள் எதிர்பார்ப்பு என்று ஒரு அட்டவணை. அறுபதாம் ஆண்டளவில் நாற்பத்தாறு, எழுபதில் நாற்பத்தொன்பது, எண்பதில் ஐம்பத்திரண்டோ மூன்றோ, இப்போது ஐம்பத்தாறு அளவில், ஆண்களுக்கு அதிலும் ஒன்றிரண்டு குறைவு. முப்பது வருடமாக அந்த இலக்கம் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்திருக்கிறது. புத்தியுள்ள ஒருவன் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருப்பான். உன் அப்பா நான் என்ன செய்தேன் என்றால், ஐம்பத்தாறிலிருந்து உன்னுடைய முப்பத்துநாலைக் கழித்தேன். பிறகு மருமகனுடைய வயதையும் கழித்தேன். பிறகு பிறக்கப்போகிற பிள்ளை இருபத்திரண்டு வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் நிற்பதைக் கண்ணால் கண்டேன். லைப்ரறியில் அழுகிற கிழவன் என்று பெயர் வரக்கூடாது என்று கைக்குட்டையால் மூக்கைச் சிந்துகிறமாதிரி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், அதே கிழமைதான் நான் அம்மாவோடு சாத்திரியார் விசயத்தில் பெரிய சண்டை போட்டிருந்தேன். அம்மா அப்டன் பார்க்கில் இருக்கிற சாத்திரியாரிடம் உன் சாதகத்தையும் கொண்டுபோய், மருமகனுக்குச் சாதகம் இல்லை, பிறந்த நேரமும் தெரியாது, பிறந்த கிழமையைப் பெயராக வைக்கிற ஊர் என்பதால் சனிக்கிழமை பிறந்தவர் என்பது மட்டும் அவருடைய பெயரிலேயே இருக்கிறது, இதை வைத்து ஆயுள் பலம் சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறா. சனிக்கிழமை என்றதும் சாத்திரியார் முகம் கறுத்துவிட்டதாம். நான் மூடநம்பிக்கை, பஸ் காசுக்கும் நட்டம் என்று அரை மணித்தியாலம் விரிவுரை செய்தேன். அந்த விரிவுரை முடிந்து மூன்றாம் நாள் அட்டவணையோடு வந்து நின்றேன். அம்மா கேட்டா, சாத்திரியார் சொன்னா மூடநம்பிக்கை, நீங்கள் லைப்ரறியிலை பாத்தா விஞ்ஞானமோ, ரெண்டு பேரும் ஒரு ஆள் எப்ப சாவான் எண்டுதானே பாக்கிறியள் என்று. நான் இது கணிதம் என்று சொன்னேன். இன்னும் கேள், உன் அப்பா கொழும்பில் காப்புறுதிக் கந்தோரில் ஆயுள் காப்புறுதிப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். அதே மாதிரி அட்டவணை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே முப்பது வருடம் கிடந்தது. அதற்கு மேலே தேநீர்க் கோப்பை வைத்தேன், வடை வைத்தேன், ஒருநாளும் அது என்ன சொல்லுகிறது என்று கேட்கவில்லை. இலக்கத்தை எடுத்துக் கட்டத்தில் போடு என்றார்கள், போட்டேன், பென்சன் தந்தார்கள்.

பிறகு குலசேகரம் வந்தான். என்னோடு அதே கந்தோரில் இருந்தவன், இப்போது தோர்ண்டன் ஹீத்தில் மகளோடு இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு றெயினும் ஒரு பஸ்ஸும் பிடித்து அம்மாவின் தோசைக்கு வருகிறவன். அவனுக்கு அட்டவணையை விளக்கினேன். அவன் சட்னியைத் தொட்டுக்கொண்டே யோசித்துவிட்டு, அப்ப அந்தக் கணக்குப்படி நீ செத்துப் பதினைஞ்சு வருசம், அம்பலம், நான் உனக்கு ரெண்டு வயது மூப்பு, செத்தவன் வீட்டிலை செத்தவன் தோசை தின்னுறன் என்றான். அம்மா அடுப்படியில் சிரித்த சத்தம் அண்ணனை எழுப்பிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மருமகனின் தொலைபேசி வந்தது. நீ என் கடிதத்தை அவரிடம் காட்டியிருப்பாய் என்று எனக்குத் தோன்றியது, அவரோ அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, மாமா, நீங்கள் ஏதோ ஒரு இலக்கத்தைப் பார்த்துக் கவலைப்படுவதாக யோகலிங்கம் எனக்கு எழுதியிருக்கிறார் என்று அவ்வளவு மரியாதையாகத் தொடங்கினார். கிணறு தோண்டுகிற இஞ்சினியர் அல்லவா, தரையை மெல்லத் தட்டிப் பார்த்துத்தான் தோண்டுகிறார். தபாற் கந்தோரில் வரிசையில் நின்று எடுத்த அழைப்பு, லைன் இடையிடையே அறுந்தது, இருந்தாலும் எனக்கு விளங்குகிறமாதிரிச் சொன்னார். ஒரு பேச்சுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று வையுங்கள், இரண்டு பேர் குழந்தையிலேயே போய்விடுகிறார்கள், மற்ற எட்டுப் பேரும் எழுபது வயது வரை இருக்கிறார்கள், கூட்டிப் பத்தால் பிரியுங்கள் என்றார். பிரித்தேன். ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு வயதில் அங்கே ஒருவருமே சாகவில்லை. என்னுடைய அப்பாவுக்கு எழுபத்தெட்டு மாமா, விடிய எழும்பிக் கொக்கோத் தோட்டத்துக்கு நடந்து போகிறார், பாலாவுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

அன்று இரவு நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். குலசேகரத்துக்குப் போன் எடுத்து நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று அறிவித்தேன். அம்மாவிடம் கணிதம் பிழையில்லை, நான்தான் பிழை என்று சொன்னேன், கலியாணம் செய்த நாளிலிருந்து அந்த வசனத்துக்காகக் காத்திருந்தவ, ஆனால் அதைக் கேட்டும் சந்தோசப்படாமல் எழும்பிப் போனா. எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதுதான் அந்த இரண்டு பேரும் நினைவுக்கு வந்தார்கள். எட்டுப் பேரைப் பற்றிச் சந்தோசப்பட்டு இரண்டு தரம் சோறு தின்றவன், மற்ற இரண்டு பேரை விட்டுவிட்டேன். அந்த அட்டவணையின் தலைப்பில் பிறக்கும்போது என்று போட்டிருந்ததை மூன்று தரம் வாசித்தும் நான் வாசிக்கவில்லை. அந்த இலக்கம் உன்னைப்பற்றியதே இல்லை, பிள்ளை. அது உன் வயிற்றில் இருக்கிறதைப் பற்றியது. பாதி முகத்தில் சோப்போடு போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கட்டிலில் இருந்து துணி மடித்துக்கொண்டிருந்தா. அது எனக்கு முதலே தெரியும், அதாலைதானே நான் ஒண்டும் வாங்கேல்லை என்றா. வால்தம்ஸ்டோச் சந்தையில் அவ்வளவு குழந்தைச் சட்டை தொங்குகிறது, அம்மா ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் போவதைக் கண்டு, உன்மேல் கோபம், குவாமேமேல் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். பிள்ளை பிறந்து தங்கினபிறகுதான் வாங்கவேண்டும் என்ற எங்கள் ஊர் வழக்கத்தை அவ ஒரு சொல்லும் சொல்லாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறா. நான் மட்டும் போன மாதமே ஒரு சோடிக் கம்பளிக் காலுறை வாங்கி என் கோட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். குமாசியின் வெயிலுக்குக் கம்பளிக் காலுறை. உன் அப்பாவின் அறிவுக்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

பயம் பிடித்தால் நான் வேறு எங்கே போவேன், லைப்ரறிக்குத்தான் போனேன். இந்தமுறை இலங்கையைப் பார்த்தேன். நான் பிறந்த இருபத்தோராம் ஆண்டளவில் எங்கள் நாட்டின் இலக்கம் முப்பத்திரண்டு. கானாவின் அறுபதாம் ஆண்டைவிடக் கீழே. நான் அந்தக் கதிரையிலேயே கன நேரம் இருந்துவிட்டேன். என்னுடைய அம்மாவிடம் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், பெத்தது ஒம்பது, தங்கினது அஞ்சு என்பா. உப்பு இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்லுகிறமாதிரிச் சொல்லுவா. அந்த நாலு பேர் யார், என்ன பெயர் என்று நான் கேட்டதே இல்லை, சிலதுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத்தானே பெயர் வைப்பது. அதை நான் சுத்தம் சம்பந்தப்பட்ட சடங்கு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தங்குமோ தங்காதோ என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு நாற்பத்தாறாம் ஆண்டில் நாற்பத்து மூன்று, நீ பிறந்த காலத்தில் அறுபதுக்குக் கிட்ட. இடையில் என்ன நடந்தது என்றால், மலேரியாவுக்கு மருந்து அடித்தார்கள், மருத்துவிச்சிகள் சைக்கிளில் வீடு வீடாக வந்தார்கள், ஊசி போட்டார்கள், அதாவது நீயும் மருமகனும் இப்போது அங்கே செய்கிற வேலையை யாரோ எங்களுக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானோ நீ ஒரு நோயும் இல்லாமல் வளர்ந்ததற்கு உன் சாதகத்தில் ஆயுள் பலம் என்று கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

போன ஞாயிறு மருமகன் திரும்பவும் போன் எடுத்தார். நான் சுற்றி வளைக்காமல், அது பிள்ளைக்கான கணக்குத்தானே மகன் என்று கேட்டேன். ஓம் மாமா என்றார், அந்த ஓமைத் தமிழிலேயே சொன்னார். என்னுடைய அம்மா எட்டுப் பெற்றவ, ஐந்து தங்கியது, அதனால்தான் நான் கிணறு தோண்டுகிறேன், பாலா ஊசி போடுகிறா, இதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை என்றார். பெற்றது தங்கியது என்று அங்கேயும் அதே மாதிரித்தான் சொல்லுவார்களாம். நான் என் அம்மாவின் ஒன்பதையும் ஐந்தையும் சொன்னேன், முப்பத்திரண்டையும் சொன்னேன். பிறகு அவர் எட்டாம் நாள் சடங்கைப்பற்றிச் சொன்னார். எட்டாம் நாள் விடியப் பிள்ளையை முதல்முதலாக வெளியே கொண்டுவந்து வெளிச்சம் காட்டிப் பெயர் வைப்பார்களாம், அதுவரைக்கும் அது விருந்தாளியாம். மூத்தவர் ஒருவர் மடியில் வைத்துத் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் ஒரு துளி, சாராயத்தில் தோய்த்து ஒரு துளி விட்டு, தண்ணீரைத் தண்ணீர் என்றும் சாராயத்தைச் சாராயம் என்றும் சொல்லு என்று சொல்லவேண்டுமாம். யாருடைய விரலோ அவருடைய குணம் பிள்ளைக்கு வருமாம், அதனால் ஆள் பார்த்துத்தான் தெரிவு செய்வார்களாம்.

அதற்கு என்னைக் கேட்கிறார் மருமகன், பாலா. உங்களுடைய அப்பா இருக்கிறாரே, கொக்கோத் தோட்டத்துக்கு நடக்கிறவர், நான் லைப்ரறிக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறவன் என்றேன். அப்பாவோடு கதைத்துவிட்டேன் மாமா, அவருக்கும் சம்மதம், முப்பத்திரண்டு என்று எழுதிவைத்த நாட்டில் பிறந்து, எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஓடி, எழுபது வரைக்கும் வந்து சேர்ந்த ஒருவருடைய விரல் எங்கள் பிள்ளைக்கு வேண்டும் என்றார். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா ஆங்கிலத்தில் யெஸ் யெஸ் கம்மிங் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

ஆகவே கட்டளையை வாபஸ் வாங்குகிறேன், இரண்டு கோட்டையும் சேர்த்து. நீ உன்னுடைய தாய்மார் பெறுகிற ஆஸ்பத்திரியிலேயே பெறு. நாங்கள் வருகிறோம். அண்ணன் தை முதல் கிழமைக்கு ரிக்கற் போட்டுவிட்டான். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று, அம்மா கண்ணை மூடவில்லை, நான் மூடினேன். பயணக் காப்புறுதிக்குப் போனபோது அந்தப் பெடியன் என் வயதைக் கேட்டுவிட்டு ஒரு அட்டவணையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் முப்பது வருடம் மற்றவர்களுக்குக் கொடுத்தவன், வாங்கிக்கொண்டு வந்தேன். உன் பிள்ளைப்பேற்றுப் பத்தியத்துக்கு அம்மா சரக்குத்தூள் இடித்துத் தகரப் பேணியில் அடைத்துவிட்டா, பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் வாங்கவில்லை, எட்டாம் நாள் கழிந்தபிறகு குமாசிச் சந்தையையே வாங்குவா. காலுறை விசயத்தை அவவுக்குச் சொல்லிவிடாதே. சாராயத் துளியையும் அம்மாவிடம் மருந்து என்று சொல்லிவிடுவோம் என்று எழுத வந்தேன், பிறகு பார்த்தால் அந்தச் சடங்கே உண்மை சொல்லுவதற்காம், ஆகவே சாராயம் என்றே சொல்லு, வருகிறது வரட்டும்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது பிள்ளை, அதை மறைக்கவில்லை. உனக்கு அந்த இரண்டு பேரை என்னைவிட நன்றாகத் தெரியும், நீ அவர்கள் வீட்டுக்குப் போய் வருகிறவள், அப்படியிருந்தும் அங்கேயே பெறுகிறாய் என்றால் நான் உன்னிடம் கட்டளை போட ஒன்றும் இல்லை. இந்த எழுபது வயதுக்காக நான் ஒரு வேலையும் செய்யவில்லை, மற்றவர்கள் மருந்து அடித்தார்கள், நான் இருந்தேன், அவ்வளவுதான். பிள்ளைக்கு அதுதான் வேண்டும் என்றால் முழுவதையும் கொண்டுவருகிறேன், என்னுடைய மற்றக் குணங்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மருமகன் தோண்டிய கிணறு என்றாலும் கொதிக்கவை. நுளம்பு வலைக்குள் படு. இனிச் சைக்கிளில் ஊருக்குப் போகாதே. பிள்ளையார் உன்னையும் மருமகனையும் பார்த்துக்கொள்ளட்டும், அம்மாவின் ஆசியும் அண்ணனின் அன்பும் இதோடு வருகின்றன, குலசேகரம் செத்தவன் சார்பிலும் வாழ்த்தச் சொன்னான். எட்டாம் நாள் விடிய நான் விரலைக் கழுவிக்கொண்டு வாசலில் காத்திருப்பேன். நீயும் பிள்ளையும் வெளியே வந்தால் போதும்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் அப்பா,
சி. அம்பலவாணன்